ஏலத்தில் வீடு போன பிறகு மிச்சப் பணம் வாங்கினவங்க அனுபவம் சொல்லுங்க

திருப்பூர்_தறி:
கடன் கட்ட முடியாம வந்த நோட்டீஸ், பொசஷன் (வீட்டைக் கடன் கொடுத்தவங்க எடுத்துக்கறது), ஏலம் எல்லாம் இங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அதுக்குள்ள போகல. ஏலம் முடிஞ்சு ஏழு மாசம் கழிச்சு, வீட்டை எடுத்தவர் நாங்க வாடகைக்கு இருக்கற இடத்துக்கு வந்தார். ஈ.பி. பேர் மாத்த அப்பாவோட பழைய கார்டு வேணும்னார். அம்மா காபி கொடுத்தாங்க. டம்ளரைக் கீழ வச்சிட்டு, "31 லட்சத்து 40 ஆயிரத்துக்கு எடுத்தேன்மா, உங்களுக்கு மிச்சம் வந்திருக்குமே"ன்னார். அம்மா என்னைப் பார்த்தாங்க. நான் தரையைப் பார்த்தேன். கடைசி நோட்டீஸ்ல பாக்கி 23 லட்சம்தான். மிச்சம் இருக்குன்னு கடன் கொடுத்தவங்க ஒரு வார்த்தை சொல்லல.

பிராஞ்சுல "லோன் குளோஸ் சார், பேச ஒண்ணும் இல்ல". அடமானச் சொத்தைக் கோர்ட்டுக்குப் போகாமலே கடன் கொடுத்தவங்க விக்க வழி பண்ற சர்ஃபேசி சட்டத்துல, மிச்சப் பணத்தைப் பத்திச் சொல்ற 13(7)ஐக் குறிப்பிட்டு மூணு தடவை பதிவுத் தபால் அனுப்பினேன். கூடின வட்டி, காவலாள், விளம்பரம்னு கழிச்சு 6 லட்சத்து 85 ஆயிரம் வந்தது. அம்மா அந்தப் பாஸ்புக்கைத் தொடவே இல்ல.

மேலூர்_அக்கா:
எங்களுக்கு மிச்சம் இருக்குன்னு பேங்கே சொன்னாங்க. ஆனா வீட்டுக்காரர் தவறிட்டதால எல்லா வாரிசும் கையெழுத்துப் போடணும்னுட்டாங்க. வாரிசு சான்றிதழ்ல நான், ரெண்டு பிள்ளைங்க, மாமியார். அத்தைக்கு எழுதத் தெரியாது, ஸ்டாம்ப் பேடை எடுத்துக்கிட்டுப் போனேன். கட்டைவிரலை மையில வச்சவங்க பேப்பர் பக்கம் கொண்டு வந்து இழுத்துக்கிட்டாங்க. "எம்புள்ள கட்டின வீட்டை வித்த காசு எனக்கு எதுக்கு"ன்னு முந்தானையில துடைச்சாங்க. அந்த நீலக் கறை இன்னும் போகல. பணமும் அங்கயேதான் இருக்கு.

வேளச்சேரி_77:
திருப்பூர் நண்பரே, மூணு தபால் போட்டா வந்துடும்ங்கற மாதிரி எழுதாதீங்க. எனக்கு மிச்சம் நாலரை லட்சம். தம்பியோட தொழில் கடனுக்கு நான் ஜாமீன் போட்டிருந்தேன், ஒப்பந்தச் சட்டம் 171னு (பாக்கிக்காக நம்மளுதைப் பேங்க் பிடிச்சு வச்சுக்கற உரிமை) ஒரு வரி எழுதி அதுல வரவு வச்சிட்டாங்க. சென்னை டி.ஆர்.டி.யில (கடன் மீட்புத் தீர்ப்பாயம்) கேஸ் போட்டேன், வாய்தா மேல வாய்தா. அதுக்காக நானும் தம்பியும் பேசறதில்ல.

திருப்பூர்_தறி:
வந்துடும்னு நான் சொல்லலீங்க. எனக்கு நடந்ததைச் சொன்னேன்.

பழைய_கிளர்க்:
என் மச்சானுக்கும் இதே கதை, பதினாலு மாசம் அலைஞ்சு வாங்கினோம். சிலது சொல்றேன், தயவுசெஞ்சு கேளுங்க. ஏலம் எடுத்தவர் 25 சதவீதத்தை அன்னிக்கே, இல்லன்னா அடுத்த வேலை நாள்ல கட்டணும். மீதியைப் பொதுவா 15 நாள்ல. இதைத் தள்ளிப் போடலாம், ஆனா மூணு மாசத்துக்கு மேல போக முடியாது. அதனால "பணம் இன்னும் வரல"ன்னு அரை வருஷம் கழிச்சுச் சொன்னா நம்பாதீங்க. 13(7) என்ன சொல்லுதுன்னா, அந்தப் பணத்தை அவங்க பொறுப்புலதான் வச்சிருக்காங்க. முறையா ஆன செலவு, அப்புறம் கடன், மீதி உரியவங்களுக்கு. இந்த "முறையா"ங்கற வார்த்தையைப் பிடிச்சுக்கோங்க. காவலாள் எத்தனை நாள், வக்கீல் ஃபீஸ் எவ்வளவு, ஒவ்வொண்ணுக்கும் பில்லோட கணக்கு கேளுங்க. மச்சானுக்கு வீடு பூட்டிக் கிடந்த காலத்துக்கு ரெண்டு காவலாள் எழுதியிருந்தாங்க, கேட்டதும் ஒருத்தரை எடுத்துட்டாங்க. வீடு காலி பண்ணதும் புது முகவரியை எழுதிக் கொடுத்து அக்னாலெட்ஜ்மென்ட் வாங்குங்க, இல்லன்னா கடிதமெல்லாம் பூட்டின வீட்டுக்கே போகும். ஏலமே தப்புன்னு நினைச்சா அதே சட்டம் 17ஆம் பிரிவுல டி.ஆர்.டி.யில மனு போட 45 நாள்தான். "முழுத் தீர்வு"ன்னு அச்சடிச்ச பேப்பர்ல தொகை பார்க்காம கையெழுத்துப் போடாதீங்க. முக்கியமா, ஏலப் பட்டியலைப் பார்த்துட்டு, கமிஷனுக்கு மிச்சப் பணம் வாங்கித் தர்றேன்னு வீடு தேடி வர்ற ஏஜென்ட்டை உள்ள விடாதீங்க. அவர் எழுதற அதே கடிதத்தை நீங்களே எழுதலாம்.

வேளச்சேரி_77:
ஜாமீன் விஷயத்துக்கு ஒண்ணும் சொல்லலயே சார்?

மேலூர்_அக்கா:
அண்ணா, நேத்து ஒருத்தர் வந்தார். முப்பது சதவீதம்னு சொன்னார். அத்தைகிட்ட ஒரு மணி நேரம் உட்கார்ந்து என் வீட்டுக்காரரைப் பத்தியே பேசினார். அவர் நீட்டின பேப்பர்ல அத்தை ரேகை வச்சிட்டாங்க, நானும் கையெழுத்துப் போட்டுட்டேன். அதை ரத்து பண்ண முடியுமா?