லயத்துக்கு மேலே இன்டர்சேஞ்ச், பக்கத்தில் கடைத்தொகுதி: ஆட்சேபனையை எங்கே கொடுப்பது?

பீலிக்கரை:
வணக்கம். கண்டி மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலே உள்ள மலையில் அதிவேக வீதிக்கு இணைப்புப் பாதையும் இன்டர்சேஞ்சும் வருகிறதாம்; அதை நம்பித் தனியார் கடைத்தொகுதி ஒன்றும் வருகிறதாம். சர்வேக்காரர்கள் கட்டை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஊற்றுத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் பக்கத்துக் கருங்கல்லில் சிவப்புப் பெயின்டில் இலக்கம் போட்டிருக்கிறது. நாற்பது குடும்பத்துக்கு மேல் இருக்கிறோம், ஒருவரிடமும் காணி உறுதி இல்லை. எல்லோரும் கையெழுத்து வைத்த மகஜர் தயார். யாரிடம் கொடுப்பது?

பழைய கச்சேரி:
தம்பி, மகஜர் ஓடிப்போகாது. முதலில் ஜி.எஸ். (கிராம சேவகர்) ஒபிஸ் பலகையிலும் பிரதேச செயலகத்திலும் என்ன நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். காணி சுவீகரிப்புச் சட்டம் (1950இன் 9ஆம் இலக்கம்) பிரிவு 2 நோட்டீஸ் என்றால், அளக்கவும் துளை போட்டு மண் பார்க்கவும் அனுமதி, அவ்வளவுதான். ஆட்சேபனைக்கு உரியது பிரிவு 4. குறைந்தது 14 நாள் அவகாசம் தருவார்கள். யாருக்கு, எந்தத் திகதிக்குள் என்று நோட்டீஸிலேயே இருக்கும். அந்தத் திகதி தாண்டினால் ஆயிரம் கையெழுத்தும் வெறும் தாள். அவசரம் என்று 38(அ) கட்டளை போட்டால் நட்டஈடு தீருமுன்னே காணியைக் கையேற்கலாம், அதையும் மனதில் வையுங்கள்.

ஒரே மகஜரை மட்டும் நம்பவேண்டாம். குடும்பத்துக்கு ஒரு கடிதம், பதிவுத்தபாலில், ரசீதைப் பத்திரப்படுத்தி. மகஜர் போனால் ஒரு ஆட்சேபனை என்று கணக்கு முடித்துவிடுவார்கள்.

இன்னொரு சிக்கல். தோட்டக் காணியின் உரிமை பெரும்பாலும் அரச நிறுவனங்களிடம். கம்பனிக்கு இருப்பது குத்தகை. ஆகவே நோட்டீஸ் எதையும் காணாமலே காணி அரசுக்குள்ளேயே கைமாறவும் கூடும். பலகையில் ஒன்றும் இல்லையென்றால் நிம்மதியாக இருந்துவிடாமல் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) விண்ணப்பம் போடுங்கள் (2016இன் 12ஆம் இலக்கச் சட்டம்). பாதையின் வரைபடம், காணி விடுவிப்புக் கடிதங்கள், மண்சரிவு அறிக்கை, மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். “திட்டம் பற்றிய விபரம் தருக” என்று எழுதினால் ஒரு பக்கப் பதில்தான் வரும். தருவார்களா இல்லையா என்பதை 14 வேலைநாளுக்குள் சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் 2 மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

பச்சைக்கோப்பு:
சுற்றாடல் பக்கம் சொல்கிறேன். 10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நெடுஞ்சாலைக்கும், 100 குடும்பத்துக்கு மேல் இடம்பெயர்க்கும் திட்டத்துக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி நடைமுறை உண்டு (1993 வர்த்தமானி 772/22). உங்களுடையது 3, 4 கிலோமீற்றர் இணைப்புப் பாதையாக இருந்தால் “அளவுக்குள் வராது” என்பார்கள். விட்டுவிடாதீர்கள். காட்டு ஒதுக்கத்தின் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள், அல்லது மண்ணரிப்புப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்திய இடத்தில் வந்தால், பட்டியலிலுள்ள திட்டங்களுக்கு நீள அளவு பார்ப்பதில்லை.

சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்றால் மூன்று மொழிப் பத்திரிகையிலும் விளம்பரம், கருத்துக்கு 30 நாள். அதைவிடச் சுருக்கமான ஆரம்ப சுற்றாடல் பரிசோதனையோடு முடித்தால், 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் கட்டாயம் இல்லை. எந்த அறிக்கை என்பதை முதலிலேயே எழுத்தில் கேளுங்கள்.

பாதை இடையில் நகர்ந்ததா என்றும் பாருங்கள். தெற்கு அதிவேக வீதியில் அப்படி நகர்த்தியபோது பாதிக்கப்பட்டவர்களைக் கேட்காமல் விட்டது இயற்கை நீதிக்கு மாறு என்று உயர் நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது. நட்டஈடு கிடைத்தது, வீதி அங்கேயேதான் போனது. காலம் தாழ்த்தினால் மிஞ்சுவது அவ்வளவுதான்.

பீலிக்கரை:
உறுதி இல்லாதவனுக்கு நட்டஈடே இல்லை என்று ஒருவர் சொன்னார். சரியா அண்ணன்?

பழைய கச்சேரி:
காணிப் பெறுமதியைக் கேட்பது கஷ்டம். ஆனால் 2001இல் அமைச்சரவை ஏற்ற மீள்குடியேற்றக் கொள்கை உறுதி இல்லாதவர்களையும் நியாயமாக நடத்தவேண்டும் என்கிறது. இருப்பை நிரூபிப்பதுதான் வேலை: வாக்காளர் இடாப்பு, மின்சார பில், பிள்ளைகளின் பாடசாலை அனுமதி, தோட்டச் செக்ரோல் (சம்பளப் பதிவேட்டு) இலக்கம். இஸ்தோப்பை (முன் விறாந்தையை) மறைத்துக் கட்டிய குசினி, கோழிக்கூடு, மரக்கறித் தோட்டம் எல்லாவற்றையும் திகதியோடு படம் எடுங்கள். கணக்கெடுப்பு நாளில் வீடு பூட்டியிருந்தால் பெயர் விடுபடும். கொழுந்துக்குப் போகும் வீடுகளில் அது லேசாக நடக்கும்.

கல்லும் கானும்:
எல்லோரும் சட்டம் பேசுகிறீர்கள், மலையைப் பற்றி நான் சொல்கிறேன். ஆபத்து தார் ரோட்டில் இல்லை. மலையின் அடியை வெட்டுவதிலும், வெட்டிய மண்ணைப் பள்ளத்துப் பக்கம் கொட்டுவதிலும் இருக்கிறது. குறுக்குவெட்டு வரைபடத்தைக் கேட்டு வாங்கி மூன்றைத் தேடுங்கள்: வெட்டின் உயரம், இடையில் படி விட்டிருக்கிறார்களா, வெட்டுக்கு மேலே போடும் மேல்கானின் தண்ணீர் எங்கே போய் விழுகிறது. மூன்றாவதைத்தான் பெரும்பாலும் வரைவதில்லை. ரோட்டுத் தண்ணீர் முழுவதையும் ஒரே மதகில் சேர்த்து லயத்துக்கு மேலே விட்டால் ஒரு மாரியே போதும்.

கடைத்தொகுதிக்கு என்.பி.ஆர்.ஓ.வின் (தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்) மண்சரிவு அறிக்கை இல்லாமல் பிரதேச சபை திட்ட அனுமதி கொடுக்கக்கூடாது. அந்த அறிக்கையின் நிபந்தனைப் பக்கத்தைப் பாருங்கள். மலசலக்குழியின் ஊறல் பீலி ஊற்றுக்கு மேலே வருகிறதா என்பதும் அங்கேதான் பிடிபடும்.

பீலித் தண்ணீரை இப்போதே அளக்கத் தொடங்குங்கள். 20 லீற்றர் வாளி நிறைய எத்தனை செக்கன் என்று வாரம் ஒருமுறை, காலையில் ஒரே நேரத்தில், கொப்பியில் எழுதி ஜி.எஸ்.ஸிடம் கையொப்பம் வாங்குங்கள். ஊற்று வற்றியபின் “முன்னேயே குறைவாகத்தான் வந்தது” என்று சொன்னால் காட்டுவதற்கு அந்தக் கொப்பி வேண்டும். தண்ணீர் கலங்கி வந்தாலோ, நிலத்தில் புதுவெடிப்பு தெரிந்தாலோ கொப்பியை மூடிவிட்டு ஆட்களை அந்தச் சரிவை விட்டுப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோங்கள்.