வீட்டுக்கு நெபுலைசர் வாங்கலாமா, இன்ஹேலரே போதுமா?

தூக்கம்கெட்டவன்: பையனுக்கு 3 வயசு, சளி புடிச்சாலே வீசிங் வந்துடுது. டாக்டர் இன்ஹேலரும் ஸ்பேசரும் (இன்ஹேலர்ல மாட்டற மாஸ்க் வெச்ச குழாய்)தான் எழுதிக் குடுத்தாரு, ஆனா வீட்ல எல்லாரும் இன்ஹேலர் பழக்கமாயிடும், மருந்தைப் புகையாக்கி மாஸ்க் வழியா குடுக்கற மிஷின் இருக்கே, அந்த நெபுலைசர் வாங்கி வைன்னு ஒரே பிடிவாதம். எதைக் கேக்கறது?

மிஷின்கட்சி: மிஷினே வாங்குங்க சகோ. ஆஸ்பத்திரிலயும் அதைத்தானே வைக்கறாங்க. மாஸ்க்கை மாட்டி விட்டா புள்ள பாட்டுக்கு மூச்சு விட்டுட்டு இருக்கும், இன்ஹேலர்னா அமுக்குற நேரம் பாத்து இழுக்கணும், 3 வயசு புள்ள எங்க இழுக்கும்?

ஸ்பேசர்அக்கா: அதுக்குத்தானே ஸ்பேசரே!! ஒரு பஃப் அடிச்சா மருந்து குழாய்க்குள்ள நிக்கும், மாஸ்க்கை மூக்கும் வாயும் மூடுற மாதிரி ஒட்டிப் புடிச்சா சாதாரணமா அஞ்சாறு மூச்சு விட்டாலே உள்ள போயிடும். பழக்கமாயிடும்ங்கறவங்கள கேளுங்க, மிஷின்ல ஊத்துறதும் மூச்சுக்குழாயை விரிக்கற அதே சால்புட்டமால் மருந்துதானே? இன்ஹேலர்ல ஒரு பஃப் 100 மைக்ரோகிராம், மிஷின்ல ஒரு தடவைக்கு வழக்கமா 2.5 மில்லிகிராம், அதாவது 25 பஃப் அளவு. அதுல பாதிக்கு மேல புகையா வீணாப்போகுது, அப்படியும் படபடப்பு மிஷின்லதான் ஜாஸ்தி.

மிஷின்கட்சி: படபடப்பு கொஞ்ச நேரத்துல அடங்கிடும்க்கா. ராத்திரி புள்ளைய தூக்கிட்டு ஓட வேணாம்ல, அதான் முக்கியம்.

ஸ்பேசர்அக்கா: எனக்கு பயமே அந்த "ஓட வேணாம்"தான். நெஞ்சுக்கூடு உள்ள இழுக்குது, பேச முடியல, உதடு நீலமாகுதுன்னா அப்ப ஓடித்தான் ஆகணும், மிஷின் ஓடுதேன்னு தைரியமா உக்காந்திருப்பாங்க. ஆஸ்பத்திரில ஆக்சிஜன் சேர்த்து குடுக்க முடியும், பக்கத்துல நின்னு பாக்க ஆள் இருக்கு.

மிஷின்கட்சி: பஃப் மேல பஃப் அடிச்சிட்டு வீட்லயே உக்காந்திருக்கவங்க இல்லையா என்ன?

பழையநுரையீரல்: ரெண்டு பேரும் புள்ளைங்களையே பேசறீங்க. எனக்கு சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்), கை நடுங்கும், டப்பாவை அமுக்கத் தெம்பு இல்ல. பவுடர் இன்ஹேலர்னா வேகமா இழுக்கணும், அவ்வளவு மூச்சு இருந்தா நான் ஏன் மருந்துக்கு வரேன்? எனக்கு மிஷின்தான் சரி. ஆனா தம்பி, மருந்து ஊத்துற கப்பை ஒவ்வொரு தடவையும் கழுவிக் காய வைக்கணும், இல்லன்னா கிருமியையும் சேர்த்து இழுக்க வேண்டியதுதான்.

தூக்கம்கெட்டவன்: ஸ்பேசர் வாங்கியாச்சு, மாஸ்க்கை கிட்ட கொண்டு போனாலே கத்தறான். என்ன பண்ண?

ஸ்பேசர்அக்கா: அழும்போது அடிச்சா மருந்து சரியா உள்ள போகாது. அழறான்னு மிஷின் மாஸ்க்கை தள்ளிப் புடிச்சு புகை காட்டினாலும் அதே கதைதான். வீசிங் இல்லாத நேரத்துல அவன் கையிலயே குடுத்து பொம்மைக்கு மாட்டி விளையாட விடுங்க. பிளாஸ்டிக் ஸ்பேசர்னா சோப்புத் தண்ணில கழுவி அப்படியே காய விடுங்க, துணியால துடைச்சா மருந்து அதோட சுவத்துலயே ஒட்டிக்கும். ஒவ்வொரு பஃப்புக்கும் முன்னாடி குலுக்கணும், ரெண்டு பஃப்பை ஒண்ணா அடிக்காதீங்க.

மிஷின்கட்சி: டாக்டரே எழுதிட்டாருல்ல, நான் குறுக்க நிக்கல. ஆனா எங்க வீட்டு மிஷினை யாருக்கும் குடுக்க மாட்டேன், அந்த சத்தம் கேட்டாலே என் பொண்ணுக்கு பாதி இளைப்பு அடங்கிடும்.

ஸ்பேசர்அக்கா: சத்தத்துக்கு அடங்குதா, மருந்துக்கு அடங்குதா?