கண்மதிப்பு: எக்ஸ்போஷருக்கான சொற்கள் பற்றி

வணக்கம்.

புகைப்படக் கலையில் எக்ஸ்போஷருக்கும் (பிலிம் வாங்கும் ஒளியின் அளவு), அதைக் கண்ணாலேயே தீர்மானிக்கும் திறமைக்கும் முன்மொழியப்பட்ட தமிழ்ச் சொற்கள் பற்றி எழுதுகிறேன். எக்ஸ்போஷருக்கு "வெளிப்பாடு" என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. இருட்டுப் பெட்டிக்குள் கிடக்கும் பிலிம் எதை வெளிப்படுத்துகிறது? தன்மேல் விழும் ஒளியை வாங்கிக்கொள்கிறது. விழும் ஒளியின் செறிவையும் விழுந்த நேரத்தையும் பெருக்கினால் வருவதே அந்த அளவு. ஆகவே "ஒளியேற்பு" என்கிறேன். மிகையொளியேற்பு, குறையொளியேற்பு என்று சொல் தடையின்றி வளர்கிறது. "ஒளியூட்டல்" என்ற சொல்லும் பொருந்தாது; அது விளக்கு அமைப்பவரின் வேலையைக் குறிக்கும். மேடை நாடகக்காரருக்கு அது வேண்டும்.

ஒளியை அளக்கும் கருவியான ஒளிமானி இல்லாமல் அளவைத் தீர்மானிப்பதை "ஒளியூகம்" என்று எழுதியிருக்கிறீர்கள், ஐயா. அந்தத் திறமைக்கு அது குறைவான பெயர். அதற்கான விதி இதுதான்: முழு வெயிலில் துளை எண் (லென்ஸின் திறப்பைக் குறிப்பது; எண் குறைந்தால் துளை பெரிது) 16. ஷட்டர் வேகம், அதாவது பிலிமில் ஒளி விழும் நேரம், பிலிமின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழ். ஐஎஸ்ஓ 100 பிலிமுக்கு 1/100 வினாடி. பழைய கமராவில் அதற்கு அருகில் இருப்பது 1/125. பிறகு நிழலைப் படிக்க வேண்டும். காலிமுகத்திடலில் உங்கள் நிழலின் ஓரம் வெட்டியதுபோல் இருந்தால் 16. மெல்லிய மேகம் வந்து ஓரம் கலங்கினால் 11. நிழலைத் தேட வேண்டியிருந்தால் 8. தென்மேற்குப் பருவமழை மேகம் கவிந்து நிழலே விழாதபோது 5.6. புறக்கோட்டையில் கட்டட நிழலில், தலைக்குமேல் வானம் திறந்திருக்க நிற்பவருக்கு 4. கல்கிசை மணலில் வெளிச்சம் தெறித்தால் எதிர்ப்பக்கமாக 22. ஒவ்வொரு இடைவெளியிலும் ஒளி இரட்டிக்கிறது, அல்லது பாதியாகிறது. ஆங்கிலத்தில் ஸ்டாப் எனப்படும் அந்த இடைவெளிக்குப் "படி" என்ற சொல் போதும்.

ஏப்ரல் தொடக்கத்தில் கொழும்பில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். விதி 16 என்றுதான் சொல்லும். ஆனால் புருவத்துக்குக் கீழே கண்கள் கறுத்துப்போகும். முகம் முக்கியமென்றால் ஒரு படியாவது திறக்க வேண்டும். அதைத் தீர்மானிப்பது பழகிய கண். மூட்டையைப் பார்த்தே எடை சொல்லும் வியாபாரியின் கணக்கைக் கண்மதிப்பு என்றுதானே சொல்கிறோம்? அதே சொல்லை இங்கும் வைத்துக்கொள்ளலாம். விளக்கம் தேவைப்படும் இடத்தில் "ஒளியேற்புக் கண்மதிப்பு".

"ஒளிமதிப்பு" என்ற மற்ற முன்மொழிவை இதற்குச் செலவழிக்க வேண்டாம். துளையையும் ஷட்டரையும் இணைத்து ஒரே எண்ணாகக் குறிக்கும் அளவுக்கு அது தேவைப்படும்: துளை 16, வேகம் 1/125 என்றால் ஒளிமதிப்பு 15.