வீடு கட்ட அரசு மானியம் தேவையா? லிண்டலோடு நின்றுபோன சுவர்களை வைத்து ஒரு கேள்வி

கரிசல்காட்டான் (கேள்வி):

வணக்கம். 2010இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 75,000 ரூபாய் கொடுத்தார்கள். 2011இல் வந்த பசுமை வீடு திட்டத்தில் அது 1.80 லட்சமானது. 2024 முதல் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.50 லட்சம். தொகை ஏறிக்கொண்டே வந்திருக்கிறது, ஆனாலும் லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் போடும் கான்கிரீட் பட்டை) மட்டத்தோடு நின்றுபோன சுவர்களை இன்றும் கிராமங்களில் பார்க்க முடிகிறது. கிராம சபையில் இதைப் பேசினால் ஒரு சாரார் தொகையை இன்னும் கூட்டு என்கிறார்கள். இன்னொரு சாரார் மானியமே வேண்டாம், குறைந்த வட்டியில் கடன் கொடு என்கிறார்கள். கட்டுமானம் தெரிந்தவர்கள் கணக்கோடு சொல்லுங்கள். கோளாறு மானியத்திலா, கொடுக்கும் விதத்திலா?

தூக்குக்குண்டு:

மானியம் கட்டாயம் வேண்டும் ஐயா. ஆனால் 3.50 லட்சம் என்பது முழுதாகக் கைக்கு வரும் பணம் இல்லை என்பதை முதல் நாளே பயனாளிக்குச் சொல்லிவிட வேண்டும். அதில் சுமார் 40,000 ரூபாய் நூறு நாள் வேலைக் கூலியாகவும் கழிப்பறைத் தொகையாகவும் வருவது. 2024-25 கூலி விகிதமான 319 ரூபாயில் 90 நாளுக்கு 28,710, கழிப்பறைக்கு 12,000. மீதி 3.10 லட்சம்தான் வீட்டுக்கு. துறை மூலம் எடுக்கும் சிமென்ட், கம்பிக்கான விலையையும் அதிலேயே பிடித்துக்கொள்வார்கள்.

மொத்தத் தொகையைத் திட்டம் சொல்லும் வீட்டு அளவான 360 சதுர அடிக்கு வகுத்தால் சதுர அடிக்கு 972 ரூபாய் வருகிறது. வெளியில் 1,500 ரூபாய் ஆகும் ஊரில் அதே வீட்டுக்கு 5.40 லட்சம் வேண்டும். துண்டு விழுவது 1.90 லட்சம். குடும்பமே சித்தாள் வேலை பார்த்து, பூச்சையும் தரையையும் பிறகு செய்துகொண்டால் இதில் பெரும்பகுதியைச் சமாளிக்கலாம்.

வீடு நின்றுபோவதற்கு நான் சொல்லும் முதல் காரணம் வேறு: வானம் பறிக்கும் (அஸ்திவாரக் குழி தோண்டும்) அன்றே தப்பு நடந்துவிடுகிறது. திட்டப்படி 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை, மீதி 60க்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போதும். "கட்டுறதே ஒரு தடவை, கொஞ்சம் பெருசா இருக்கட்டும்" என்று 500 சதுர அடிக்கு அளவு குறித்துக் கயிறு கட்டிவிடுகிறார்கள். 5 அங்குலக் கான்கிரீட் கூரைத் தளம் என்றால் 300 சதுர அடிக்கு 125 கன அடி கான்கிரீட், சுமார் 28 மூட்டை சிமென்ட், 280 கிலோ கம்பி. 500 ஆனால் 47 மூட்டை, 470 கிலோ. இதோடு பெரிய சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் பலகை, முட்டு) வாடகை, கூடுதல் சுவர், கூடுதல் அஸ்திவாரம். பேஸ்மென்ட்டிலும் (தரைக்கு மேல் எழுப்பும் அடித்தளம்) சுவரிலும் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. தளம் போடும் நேரத்தில்தான் மொத்தமாகக் கழுத்தைப் பிடிக்கும்.

அடுத்தது தவணை. பேஸ்மென்ட், லிண்டல், தளம், முடிவு என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகுதான் பணம். அதாவது முதல் கட்டத்துக்குக் கையில் ஒன்றும் இல்லாதவர் கந்துவட்டிக்கு வாங்கித்தான் தொடங்க வேண்டும், முதல் தவணை அந்தக் கடனுக்கே போய்விடும். கரிசல் மண்ணில் கடைக்கால் (அஸ்திவாரம்) ஆழமாகப் போக வேண்டியிருப்பதால் இந்தச் சுமை இன்னும் அதிகம். என்னைக் கேட்டால், தொகையைக் கூட்டுவதற்கு முன்னால், கயிறு கட்டியதை ஓவர்சியர் நேரில் அளந்து பார்த்த அன்றே 50,000 ரூபாயை முன்பணமாகக் கொடுக்க வேண்டும். அளவு மீறினால் பணம் கிடையாது. இந்த ஒரு மாற்றத்திலேயே பாதி வீடுகள் தப்பிக்கும்.

பாஸ்புக்:

கடன் போதும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. நகர்ப்புறப் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2.0இல் வட்டி மானியம் இருக்கிறது. 35 லட்சம் வரை மதிப்புள்ள வீடு, 25 லட்சம் வரை கடன், அதில் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீதம். மொத்தத்தில் அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து ஆண்டுத் தவணையாக வரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வங்கி கேட்பது வருமானச் சான்று, பழைய கடன் வரலாறு, சிக்கல் இல்லாத பத்திரம். தினக்கூலிக்காரரிடம் இவற்றில் எதுவும் இருக்காது. கடனே கிடைக்காதவருக்கு வட்டி மானியத்தால் என்ன பயன்? மாதச் சம்பளம் வாங்குபவருக்கு வட்டி மானியம், குடிசையில் இருப்பவருக்குக் கட்டுமான மானியம். இரண்டையும் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று பேசவே கூடாது.

நாலாவது மாடி:

நகரத்தில் கதை வேறு தோழர். அங்கே மனைதான் விலை. அரசு தன் நிலத்தில் அடுக்குமாடி கட்டிக் கொடுத்தால் மானியம் செங்கல்லுக்குப் போவதைவிட நிலத்துக்குப் போகிறது. நிலம் மலிவாகக் கிடைக்கிறது என்று தள்ளிப் போனால் என்ன ஆகும் என்பதற்குக் சென்னைக் குடிசைப் பகுதி மக்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் சாட்சி. வீட்டு வேலை, சுமை தூக்கும் வேலை, மீன் வியாபாரம் எல்லாம் பழைய இடத்தில். வீடு மட்டும் ஊருக்கு வெளியே. போக வர ஒரு நாளைக்கு 60 ரூபாய் என்று வைத்தாலும் 25 நாளுக்கு 1,500. வாடகை மிச்சமாவது இதிலேயே கரைந்துவிடும். அதனால் பழைய குடியிருப்பை இடித்து அதே இடத்தில் கட்டும் திட்டங்களுக்குத்தான் முதல் பணம் போக வேண்டும்.

இன்னொன்று பராமரிப்பு. லிஃப்ட், தண்ணீர் மோட்டார், கழிவுநீர்த் தொட்டி மூன்றுக்கும் மாதாமாதம் செலவு உண்டு. கட்டும்போதே இதற்கு ஒரு வைப்பு நிதி ஒதுக்காத அடுக்குமாடியில், லிஃப்ட் நின்ற அன்று எட்டாவது மாடிக்குக் கர்ப்பிணிப் பெண் தண்ணீர்க் குடத்தோடு ஏற வேண்டியிருக்கும்.

கரிசல்காட்டான்:

நன்றி, அளவைப் பற்றிச் சொன்னது கண்ணைத் திறந்தது. ஏற்கெனவே 480, 500 சதுர அடிக்கு எழும்பி நிற்கும் சுவர்களை என்ன செய்வது? இடிக்க வேண்டுமா?

தூக்குக்குண்டு:

வேண்டாம். முதலில் தூக்குக்குண்டு (நூலில் தொங்கும் எடை) பிடித்துச் சுவர் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மழையில் நனைந்த மேல் வரிசைக் கற்கள் கையால் அசைத்தாலே ஆடும். ஆடுகிற வரைக்கும் எடுத்துவிட்டு, கழுவி, புதுக் கலவையில் வையுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். துரு செதில் செதிலாக உதிர்ந்து கம்பி மெலிந்திருந்தால் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். 8 மில்லிமீட்டர் கம்பி என்றால் புதுக் கம்பியும் பழைய கம்பியும் குறைந்தது 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒன்றோடொன்று சேர்ந்து போகட்டும்.

தளத்தை 300 சதுர அடிக்கு மட்டும் போடுங்கள், மீதிக்கு ஷீட். தளம் முடியும் விளிம்புக்குக் கீழே சுவர் இருந்தே ஆக வேண்டும். அங்கே இல்லை என்றால் ஒரு குறுக்குச் சுவர் எழுப்ப வேண்டும். பலர் அதைத் தரைமேல் அப்படியே வைத்துவிடுகிறார்கள், இரண்டு மழைக்குள் இறங்கித் தளம் விரிசல் விடும். புதுச் சுவருக்கும் வானம் பறித்து, பழைய கடைக்கால் எவ்வளவு ஆழமோ அதே ஆழத்தில் இருந்து தூக்குங்கள்.

சிமென்ட்டை மொத்தமாக எடுத்து அடுக்க வேண்டாம். மூன்று மாதம் கிடந்தால் ஐந்தில் ஒரு பங்கு வலு போய்விடும். தளத்துக்கான மூட்டைகளை சென்ட்ரிங் அடித்த பிறகு எடுத்தால் போதும்.