மறு: ‘சுக்கான் திருப்பம்’ – ஸ்லிப், ஸ்கிட் இரண்டுக்கும் தனிச்சொல் வேண்டும்

வணக்கம்.

விமானப் பாடப்புத்தகத்துக்கான தமிழ்ச்சொற்கள் பற்றிய பேச்சில், கோஆர்டினேட்டட் டர்ன் (பக்கவாட்டில் சறுக்காமல் விமானம் வளைவது) என்பதற்கு ‘சுக்கான் திருப்பம்’ என்றும், திருப்பத்தில் விமானம் பக்கவாட்டில் சறுக்கும் ஸ்லிப், ஸ்கிட் என்ற இருவகைக்கும் ‘சறுக்கல்’ ஒன்றே போதும் என்றும் சொல்லப்பட்டது. ஐயா தந்த ‘சுக்கான் திருப்பம்’ காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் மாணவரைத் தப்பான இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். கப்பலைத் திருப்புவது சுக்கான். விமானத்தைத் திருப்புவது சாய்ந்த இறக்கை. இறக்கையை மேலே தூக்கும் ஏற்றுவிசையின் ஒரு பங்கு பக்கவாட்டில் இழுப்பதால்தான் அது வளைகிறது. மூக்கைப் பறக்கும் திசையோடு ஒட்ட வைப்பதே அங்கே வாலில் உள்ள சுக்கானின் வேலை. ‘இசைவுத் திருப்பம்’ என்று வைத்துக்கொள்வோம்.

இடப்பக்கம் சாய்த்தால் வலது இறக்கையின் ஏலெரான் (பின்விளிம்பில் உள்ள அசையும் மடல்) கீழிறங்குகிறது. அந்த இறக்கையில் ஏற்றுவிசை கூடும்போது காற்றின் பின்னிழுப்பும் கூடுவதால், மூக்கு வலப்பக்கம் போகிறது. இந்த அட்வர்ஸ் யாவுக்கு ‘எதிர்த்திரும்பல்’ போதும். ரைட் சகோதரர்களை 1901 கிளைடரில் பாடாய்ப்படுத்தியது இதுதான். 1902இல் முதலில் அசையாத செங்குத்து வால் வைத்துப் பார்த்தார்கள், அதுவும் சரிப்படவில்லை. அதை அசையும் சுக்கானாக மாற்றிய பிறகுதான் திருப்பம் கைக்கு வந்தது.

ஸ்லிப், ஸ்கிட் இரண்டுக்கும் ‘சறுக்கல்’ ஒன்றே போதும் என்ற கருத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. விமானிக்கு வேண்டியதே திசைதான். விமானியின் முன் உள்ள கருவியில், வளைந்த கண்ணாடிக் குழாயில் உள்ள குண்டு திருப்பத்தின் உட்பக்கம் ஓடினால் ஸ்லிப், வெளிப்பக்கம் ஓடினால் ஸ்கிட். குண்டு எந்தப் பக்கமோ அந்தப் பக்கச் சுக்கான் மிதியைக் காலால் அழுத்த வேண்டும். ஆகவே ‘உட்சறுக்கல்’, ‘வெளிச்சறுக்கல்’.

இரண்டின் ஆபத்தும் ஒன்றல்ல. தரையிறங்கும் முன் கடைசித் திருப்பத்தில் ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிவிட்ட விமானி, தாழ்வான உயரத்தில் இன்னும் சாய்க்கப் பயந்து, உட்பக்க மிதியை அழுத்தி மூக்கை இழுக்கிறார் என்று வையுங்கள். அது வெளிச்சறுக்கல். வேகமும் குறைந்துவிட்டால் உள் இறக்கை முதலில் ஏற்றுவிசை இழக்கும், விமானம் அந்தப் பக்கமே புரண்டு சுழலும். மீட்க உயரம் இருக்காது. இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. பாடப்புத்தகத்தில் இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. வேகம் கூடாமல் உயரத்தைக் குறைக்க, ஓடுபாதையை நோக்கி நேராக வந்துகொண்டே வேண்டுமென்று ஸ்லிப் செய்வார்கள். அங்கே வளைவே இல்லை, அப்புறம் ‘உள்’ ஏது? அதற்கு மட்டும் ‘பக்கச்சறுக்கல்’ சரிவருமா? விமானம் ஓட்டுபவர்கள் சொல்லுங்கள்.