தூக்கத்தில் குட்டியின் கால் துடிப்பது எதற்கு? மூளைக்குப் பாடமா, வெறும் உதறலா?

வெண்மணி:
நாய்க்குட்டி தூங்கும்போது கால் வெட்டி வெட்டி இழுக்கும். "கனவு காணுது" என்று விட்டுவிடுவோம். கைக்குழந்தை என்றால் பாட்டிகள் "நரி விரட்டுது" என்பார்கள். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தின் மார்க் பிளம்பர்க் குழு பல ஆண்டுகளாக எலிக்குட்டிகளில் இதைத்தான் ஆராய்கிறது. இந்தத் துடிப்பைக் கிளப்புவது, மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டு. மேலே இருக்கும் பெருமூளைப் புறணியை, அதாவது மூளையின் வெளி அடுக்கை, துண்டித்துவிட்டாலும் துடிப்பு நிற்பதில்லை.

எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. வளர்ந்த எலியில் கைகால்களுக்குக் கட்டளை அனுப்பும் இயக்கப் புறணி, பிறந்த முதல் வாரங்களில் எந்தக் கட்டளையும் அனுப்புவதில்லை. கால் துடித்தால் அங்கிருந்து வரும் செய்தியை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். அக்குழுவின் 2018 ஆய்வில், 8 முதல் 10 நாள் குட்டிகளின் முன்னங்கால் தூக்கத்தில் துடித்தால் அந்தப் புறணியின் செல்கள் சடசடவெனப் பதில் தந்தன. அதே குட்டி விழித்துக்கொண்டு அதே காலை ஆட்டினால் பதில் இல்லை. 12-ஆம் நாள் நிலைமை திடீரென்று மாறி, விழிப்பு அசைவுக்கும் பதில் வந்தது. காரணம், முகுளத்தில் (மூளைத்தண்டின் அடிப்பகுதி) உள்ள ஒரு நரம்புக்கரு, அதாவது நரம்புச் செல்களின் கூட்டம், அதுவரை அந்தச் செய்தியை மறித்து வைத்திருந்தது. கட்டளை அனுப்பும் வேலை மூன்று வாரத்துக்கு அப்புறம்தான் வருகிறது. ஆக, உடம்பை ஆளும் பகுதிகள் தயாராகப் பிறப்பதில்லை, உடம்பிடமிருந்து கற்றுக்கொள்கின்றன என்பது என் வாதம்.

கால்நடை வைத்தியர்:
ஆய்வு நல்ல ஆய்வுதான். முடிவு அவசரம். கன்று பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் தட்டுத்தடுமாறி எழுந்து மடியைத் தேடுகிறது. அதற்கு யார் பாடம் எடுத்தது? 1926-லேயே லியோனார்ட் கார்மைக்கேல் என்ற ஆய்வாளர், பல்லி போலிருக்கும் நீர்நில உயிரியான சாலமாண்டரின் கருக்களை மயக்க மருந்து கலந்த நீரில் அசையவிடாமல் வளர்த்தார். சாதா நீரில் வளர்ந்தவை நீந்தத் தொடங்கியபின் இவற்றை நல்ல நீரில் விட்டார். அரை மணி நேரத்துக்குள் அவையும் நீந்தின. ஒரு தடவைகூடப் பயிற்சி இல்லை.

வெண்மணி:
டாக்டர் சார், அதே 1926-இல் மேத்யூஸ், டெட்வைலர் இருவரும் இதே சோதனையை இன்னும் நீண்ட நாள் மயக்கத்தில் வைத்துச் செய்தார்கள். 13 நாள் வைத்த கருக்கள் சரியாக நீந்தவில்லை. மருந்தின் நச்சா, பயிற்சியின்மையா என்று கேட்கலாம். கேட்டால் கார்மைக்கேல் முடிவும் அவ்வளவு சுத்தமில்லை.

கன்று விஷயத்தில் பிறப்பைத் தொடக்கமாக வைத்தால் கணக்கு தப்பும். எலி வயிற்றில் இருப்பது மூன்று வாரம், கன்று ஒன்பது மாதம். எலிக்குட்டி வெளியே வந்து செய்வதை இது உள்ளேயே செய்து முடித்துவிடுகிறது. ஆட்டுக் கரு கருப்பைக்குள்ளேயே, ரெம் தூக்க (கண்கள் வேகமாக அசையும் தூக்கம்) நிலையில், மூச்சு இழுப்பது போல மார்பை அசைக்கிறது. உள்ளே காற்றே கிடையாது!

கால்நடை வைத்தியர்:
மூச்சைத் தொட்டதற்கு நன்றி, அது என் பக்கச் சாட்சி. 1991-இல் ஸ்மித், ஃபெல்ட்மேன் குழுவினர் பிறந்த எலிக்குட்டியின் முகுளத்திலிருந்து ஒரு மெல்லிய சீவலை வெட்டித் தட்டில் வைத்தார்கள். நுரையீரல் இல்லை, மார்பு இல்லை, உடம்பே இல்லை. சீவலில் இருந்த ப்ரீ-பாட்சிங்கர் தொகுதி என்ற நரம்புச் செல் கூட்டம் தன்பாட்டுக்கு மூச்சுத் தாளம் போட்டது. அப்புறம் கரு வளர்ச்சியை ஆராய்ந்த விக்டர் ஹாம்பர்கர், 1966. கோழிக்கருவின் கால்களிலிருந்து எந்த உணர்வும் தண்டுவடத்துக்குப் போகாதபடி செய்தார். சுமார் 15-ஆம் நாள் வரை கால்கள் வழக்கம்போல அசைந்தன.

சந்தேகப்பேர்வழி:
ஹாம்பர்கர் காட்டியது, அசைவு பிறக்க உணர்வு வேண்டாம் என்று. அந்த அசைவால் பயன் உண்டா இல்லையா என்பதை அது தொடவே இல்லையே. வெண்மணி, உங்களிடமும் ஒரு கேள்வி. துடிப்பு வந்தால் செல் பதில் தருகிறது, சரி. அந்தப் பதிலால் மூளையில் ஏதாவது மாறியது என்று யாராவது காட்டியிருக்கிறார்களா?

வெண்மணி:
ஸ்வீடனில் ஷூவன்போர்க் குழு, 2003. எலிக்குட்டியின் வால் தூக்கத்தில் தானாக அசையும்போது, இயல்பாகப் படவேண்டிய தொடுகைக்குப் பதிலாகத் தவறான பக்கத்தில் தொடுகை கொடுத்தார்கள். வலிக்கு வாலை விலக்கும் அனிச்சையும் அதற்கேற்பத் தப்பாக மாறியது. உதறல் என்றால் இப்படி நடக்குமா?

கால்நடை வைத்தியர்:
அது தண்டுவடம். நீங்கள் தொடங்கியது புறணி.

வெண்மணி:
ஆமாம், புறணிக்கு அந்த அளவு நேரடிச் சாட்சி என்னிடம் இல்லை. ஆனால் மறிப்பைப் பாருங்கள். வெறும் இரைச்சல் என்றால் மூளை தூக்கத் துடிப்பைத்தான் வடிகட்ட வேண்டும். இங்கே விழிப்பு அசைவு மறிக்கப்படுகிறது, துடிப்பு உள்ளே விடப்படுகிறது.

கால்நடை வைத்தியர்:
இது யோசிக்க வேண்டிய விஷயம்தான் தங்கச்சி. ஆனால் 12-ஆம் நாள் அந்த மறிப்பை விலக்கியது யார்? கண் திறப்பது அதற்கும் பிந்தி, ஏறக்குறைய இரண்டு வாரத்தில். ஆகவே பார்வை இல்லை. மரபணுக் கடிகாரம் என்கிறேன் நான்.

சந்தேகப்பேர்வழி:
ஒரு முன்னங்காலுக்குப் பிறந்த நாளிலிருந்து கட்டுப் போட்டுப் பார்க்கலாமே?

வெண்மணி:
கட்டுப் போட்டாலும் தசை இழுக்கும், ஆனால் திரும்பி வரும் செய்தி வேறாகிவிடும். மறிப்பு விலகுவது அந்தக் காலுக்கு மட்டும் தள்ளிப்போனால் டாக்டர் சார் ஒத்துக்கொள்வாரா?

கால்நடை வைத்தியர்:
தள்ளிப்போனால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கட்டால் கால் வளர்ச்சியே குன்றி அதனால் தள்ளிப்போகவில்லை என்று முதலில் காட்டுங்கள்.