பூச்சியம் எழுதிய வீடுகள்

இயற்கையின் பெறுமதியைக் கணிக்கும் ஆய்வுக்காக மக்களிடம் தொகை கேட்டபோது நேர்ந்ததை இரண்டு உறுப்பினர்கள் எழுதுகிறார்கள்.

வெள்ளவத்தை உறுப்பினர்:

பகலில் காப்புறுதி நிறுவனமொன்றில் கணக்கு வேலை, வார இறுதியில் விரிவுரை என்று இரண்டு ஆண்டுகள் ஓடிய சூழலையும் பொருளாதாரத்தையும் சேர்த்துப் படிக்கும் முதுமாணிக் கற்கைநெறி அது. சூழற் பொருளியலும் சூழலியற் பொருளியலும் ஒன்றே என்று எண்ணித்தான் விண்ணப்பித்தேன். முன்னது, சந்தையில் விடுபட்டுப்போன விலைகளைத் தேடிப் பொருத்துவது. பின்னது, பொருளாதாரமே உயிர்க்கோளத்தின் ஒரு சிறு பகுதி என்று தொடங்கி, அந்தப் பகுதி எவ்வளவு பெரிதாக வளரலாம் என்று கேட்பது. பொருளியலாளர் ஜோர்ஜெஸ்கு-ரோகன் 1971இல் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியை (ஆற்றல் பயன்படப் பயன்பட, மீண்டும் பயன்படாத நிலைக்குச் சிதறும் என்பதை)ப் பொருளியலுக்குள் கொண்டுவந்த பகுதி வந்தபோது, உயர்தரத்தில் பௌதிகம் படித்திருந்த நாங்கள் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தோம். வர்த்தகப் பிரிவிலிருந்து வந்தவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டார்கள். தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பா சிறையிலிருந்தபோது நிலைத்த பொருளாதாரம் பற்றி எழுதி 1945இல் வெளிவந்த நூலைப் பற்றி எங்கள் பாடத்திட்டத்தில் ஒரு வரியும் இல்லாதது என் தனிப்பட்ட மனக்குறை.

ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது கொழும்பை அடுத்த, வெள்ளநீரைத் தாங்கிக்கொள்ளும் கொலன்னாவைச் சதுப்புநிலம். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோது வெல்லம்பிட்டிப் பக்கம் வீடுகள் நாட்கணக்கில் நீரில் நின்றதைக் கொழும்பில் யாரும் மறந்திருக்க முடியாது. சதுப்பைக் காப்பதற்காக மாதந்தோறும் எவ்வளவு கொடுக்க விரும்புவீர்கள் என்று வீடுவீடாகக் கேட்டு, விடைகளைக் கூட்டி, அதன் பெறுமதியைக் கணிப்பதே என் திட்டம். வினாக்கொத்தை ஆங்கிலத்தில் எழுதுவதற்கு ஒரு வாரம் போதுமாயிருந்தது. தமிழாக்குவதற்கு ஒரு மாதம் போயிற்று. 'செலுத்தும் விருப்பு' என்று நான் எழுதியதை முன்சோதனையில் வாசித்த ஒருவர், புது வரி போடப் போகிறார்களா என்று கேட்டார். 'மனமுவந்து கொடுப்பது' என்று மாற்றினேன். பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் கொடுக்கும் தொகையை நினைத்துக்கொண்டு விடை சொன்னார்கள். இரண்டு சொற்களும் இரண்டு வேறு ஆய்வுகள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

வெல்லம்பிட்டியில் ஒரு வீட்டில், எழுபது வயதை நெருங்கிய ஓர் உம்மா, 2016இல் தண்ணீர் நின்ற உயரத்தைச் சுவரில் காட்டினார். வண்ணம் பூசியும் கறை மறையவில்லை. சதுப்பு இருந்திருக்காவிட்டால் நீர் கூரைக்கு ஏறியிருக்கும் என்று, நான் விளக்குவதற்கு முன்பே அவராகவே சொன்னார். பிறகு நான் தொகையைக் கேட்டேன்.

"ஒரு சதமும் இல்லை மகள். சேத்தை மூடிக் கட்டடம் கட்டினவங்க காசு கட்டட்டும். நாங்க ஏன் கட்டணும்?"

படிவத்தில் பூச்சியம் என்று எழுதினேன். பெறுமதி இல்லை என்பதற்காக அன்றி, கேள்வியையே ஏற்க மறுத்துச் சொல்லும் அந்தப் பூச்சியத்துக்குப் பாடநூல்களில் 'எதிர்ப்புப் பூச்சியம்' என்று பெயர் உண்டு. பகுப்பாய்வின்போது அத்தகைய படிவங்களை மாதிரியிலிருந்து நீக்கிவிடுவது வழக்கம். அவ்வாறு நீக்கினால், சதுப்பின் பெறுமதியை எல்லாரிலும் நன்றாக அறிந்திருந்தவரின் விடைதான் முதலில் குப்பைக்கூடைக்குப் போகும். நீக்காமல் விட்டாலோ, அதை ஒன்றுக்கும் உதவாததென்று அவர் கருதினார் என்று கணக்கு சொல்லும். இரண்டுமே பொய்.

மேற்பார்வையாளரிடம் இதைச் சொன்னபோது, கொழும்புக்கு வடக்கேயுள்ள முத்துராஜவெலச் சதுப்புநிலம் பற்றிய ஆய்வைப் பார்க்கச் சொன்னார். 2003இல் வெளியான அந்த மதிப்பீடு அச்சதுப்பின் பெறுமதியை ஆண்டுக்கு ஏறத்தாழ 80 இலட்சம் அமெரிக்க டொலர் என்று கணித்தது. அதில் மூன்றில் இரண்டு பங்கு வெள்ளத்தைத் தாங்கும் பணிக்குரியது. அங்கே வெள்ளத்தடுப்பின் பெறுமதி மக்களின் மனவிருப்பத்தைக் கேட்டுப் பெறப்பட்டதன்று. சதுப்பு இல்லாவிட்டால் அதே வேலைக்குக் கட்டவேண்டிய வடிகால் வசதிகளின் செலவிலிருந்து வருவது. நானும் அம்முறைக்கு மாறினேன். இலக்கம் கிடைத்தது, பட்டமும் கிடைத்தது. எதிர்ப்புப் பூச்சியங்களை நீக்காமல், அவரவர் சொன்ன காரணங்களோடு தனி அத்தியாயமாக வைத்தேன். நீளம் கருதி அதைப் பின்னிணைப்புக்கு மாற்றும்படி பரீட்சகர்களில் ஒருவர் எழுதினார், மாற்றினேன். அதைப் பற்றி இன்றும் எனக்கு நிறைவில்லை.

முகத்துவாரம் உறுப்பினர்:

மேலே எழுதியவர் வெல்லம்பிட்டியில் கண்ட உம்மாவைப் போன்ற ஒருவரை நான் கடற்கரையில் சந்தித்தேன் என்றே சொல்லலாம். என் ஆய்வு எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலைப் பற்றியது. 2021 மே 20இல் கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் தீப்பற்றி, ஜூன் மாதம் மூழ்கிய அக்கப்பலிலிருந்து ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் குருணைகள் கடலில் கலந்தன, மீன்பிடியும் தடைசெய்யப்பட்டது. காக்கைதீவில் வலை பொத்திக்கொண்டிருந்த ஓர் அண்ணனிடம், கரையைத் துப்புரவாக்கும் நிதிக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டேன். அவர் வலையிலிருந்து கையை எடுக்காமல், "தம்பி, கேள்வியைத் திருப்பிக் கேளுங்க. எனக்கு எவ்வளவு தரணும்னு கேளுங்க" என்றார்.

இது புதிய வாதமன்று. ஒன்றைக் காப்பதற்குக் கொடுக்க விரும்பும் தொகையைவிட, அதை இழப்பதற்கு ஈடாக ஏற்கச் சம்மதிக்கும் தொகை பல மடங்கு பெரிதாக வருவது நீண்ட காலமாக அறியப்பட்டது. 1989இல் அலஸ்காவில் எக்ஸொன் வால்டெஸ் எண்ணெய்க் கசிவு நிகழ்ந்த பிறகு, பொருளியலாளர்கள் கென்னத் அரோவும் றொபர்ட் சொலோவும் இணைத்தலைமை வகித்து இத்தகைய வினாக்கொத்து ஆய்வுகளை ஆராய்ந்த குழு 1993இல் தந்த பரிந்துரை, கொடுக்க விரும்பும் தொகையையே கேட்கவேண்டும் என்பது. சிறிய இலக்கம் பாதுகாப்பானது என்பது அதன் நியாயம். யாருக்குப் பாதுகாப்பானது என்று நான் வகுப்பில் கேட்டபோது சிரிப்புத்தான் கிடைத்தது. கேள்வி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே கடல் யாருடையது என்பதைத் தீர்மானித்துவிடுகிறது என்று இப்போது நினைக்கிறேன்.

2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் இழப்பீடு செலுத்தும்படி கப்பல் தரப்புக்கு உத்தரவிட்ட செய்தி வந்த அன்று, அந்த அண்ணனைத் தேடிப் போனேன். செய்தியைக் கேட்டவர், என் பழைய படிவத்தில் அவருக்கு எவ்வளவு போட்டிருந்தேன் என்று விசாரித்தார். இடைவெளியாக விட்டிருந்தேன் என்றேன். "நல்லது, அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வலையின் அடுத்த முனையைப் பிடிக்கச் சொன்னார்.